முதல் வகுப்பு நடை

ஒரு வீட்டின் மதிப்பு அதன் சுவரிலோ கூரையிலோ இல்லை, அதிலிருந்து எத்தனை நிமிஷத்தில் எங்கே நடந்து போய்ச் சேரலாம் என்பதில்தான் இருக்கிறது என்று 1946-ஆம் வருஷம் பம்பாயில் ஒரு கமிட்டி கண்டுபிடித்தது. நடைத்தூர மதிப்பீட்டுக் கமிட்டி என்று அதற்குப் பெயர். ஏழு அங்கத்தினர்கள். ஏழு பேருக்கும் மோட்டார் இருந்தது.

கண்டுபிடிப்பில் தப்பில்லை. தாராவியில் குடியிருந்த நயினாரைக் கேட்டிருந்தால் அவரே சம்பளம் வாங்காமல் இதைச் சொல்லியிருப்பார்.

நயினார் களக்காட்டுப் பக்கத்துக்காரர். மாதுங்காவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் நெஞ்சு முன்னால் போகும், கால் பின்னால் வரும். அவர் அப்பா அப்படித்தான் நடந்தார், தாத்தாவும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் குனிந்து நடந்தவர் யாருமில்லை என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அவர்களுக்கு நன்மை ஏதும் விளைந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் மானம் என்பது நன்மையை எதிர்பார்த்து வைத்துக்கொள்கிற பொருள் அல்ல.

அவர் சம்சாரம் முப்பிடாதியம்மாளுக்கு இருபத்திரண்டு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. அவளைக் கொண்டுவந்து விட்டுவிடு, வேறு பெண் பார்க்கலாம் என்று ஊரிலிருந்து கடுதாசி வந்தது. நயினார் அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். பிறகு ஒர்க்‌ஷாப் ஃபோர்மனிடம் போய், எஞ்சினிலிருந்து தட்டிக் கொட்டுகிற கரிக்கட்டியை எடுத்துக்கொள்ள எழுத்து மூலமாக அனுமதி வாங்கினார். எழுத்து இல்லாமல் எடுத்தால் அது திருட்டு அல்லவா?

தினமும் சாயங்காலம் ஒரு கூடை. வீட்டு வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் கரிக்கட்டியைக் கொட்டி மிதித்தார். குழாயடியிலிருந்து அம்மன் கோவில். கோவிலிலிருந்து சதுப்பைத் தாண்டி மாதுங்கா ஸ்டேஷன் பாலம். இரண்டு வருஷம் ஆயிற்று. கரிக்கட்டி மேல் கால் வைத்தால் நறநறவென்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் வழி, சத்தம் நின்றால் சேறு. முப்பிடாதிக்கு அது போதுமாக இருந்தது. அதன் பிறகு அவள் ஒருவர் கையையும் பிடித்து நடந்ததில்லை.

யுத்தம் வந்து ரேஷன் வந்தபோது, அரிசியில் பாதி கல்லாக இருந்தது. மாதுங்கா வீடுகளில் கண்ணுள்ளவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுக்கியும் கல் தப்பியது. முப்பிடாதியின் விரலுக்குத் தப்பவில்லை. அவள் தனியாக நடந்து போய், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் விஜயலக்ஷ்மி மாமி வீட்டு வராந்தாவில் சுளகோடு உட்கார்ந்து, அக்கம்பக்கத்து அரிசியையும் சேர்த்துத் தினமும் இரண்டு மணி நேரத்தில் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வருவாள்.

கரிவழி ஓரமாக வீடுகள் வந்தன. ஒரு டீக்கடை வந்தது. ஐம்பத்து மூன்று குடும்பம் அந்த வழியில் நடந்து பிழைத்தது. ஆகவே கமிட்டியும் வந்தது.

முதலில் நோட்டீஸ். டீக்கடைச் சுவரில் இங்கிலீஷ், மராத்தி, குஜராத்தி மூன்றிலும் ஒட்டியிருந்தார்கள். படிக்க வேண்டியவர்கள் எல்லாரும் தமிழர்கள். தோல் கிட்டங்கியில் மேஸ்திரியாக இருந்த மன்சூர் அலிதான் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"என்ன வே போட்டிருக்கான்?" என்றார் நயினார்.

"நாம எம்புட்டு வேகமா நடக்கோம்னு பாக்க வாரானுவளாம் அண்ணாச்சி."

"பாத்து?"

"வெரசாப் போய்ச் சேந்தா வீட்டுக்கு மதிப்பு ஜாஸ்தியாம்."

பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் இடுப்புக் குடத்தை இறக்காமலே கேட்டாள். "அப்ப என் வீட்டுக்கும் மதிப்பு உண்டா? மழைக்கு ஒழுகுதே?"

"ஒழுகுததுக்குத் தனிக் கமிட்டி. அடுத்த வருசம் போடுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். மன்சூர் அலி மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்காதிய. மதிப்பு ஏறுனா அது நமக்கா ஏறும்? எடத்துக்குல்லா ஏறும். மதிப்புள்ள எடத்துல நம்மள எவன் வச்சிருப்பான்? செம்பூருக்கு அங்கிட்டுக் காட்டுல கொண்டு தள்ளிருவான்."

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து கூடித் தீர்மானம் ஆயிற்று. கமிட்டி வருகிற அன்று யாரும் வேகமாக நடக்கக் கூடாது. முடிந்தவர்கள் நொண்ட வேண்டும். பிள்ளைகளுக்கு நொண்டப் பழக்கிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் தாராவியில் அந்தப் பக்கம் முழுக்க நொண்டியது. நயினார் மட்டும், "நான் வேலைக்குப் போயிருதேன். எனக்கு நொண்ட வராது" என்று சொல்லிவிட்டார். முப்பிடாதியை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். இருந்தாள்.

குறித்த நாளில் கமிட்டியின் அங்கீகாரம் பெற்ற நடையாளர் காரில் வந்து இறங்கினார். இடுப்பில் அடி எண்ணும் கருவி. பின்னால் குடை பிடிக்க ஒரு பியூன், தண்ணீர்க் கூஜாவுக்கு ஒரு பியூன். எழுத்து வேலைக்கு ஹெட் கிளார்க் சந்திரமௌலி. இந்தச் சந்திரமௌலி விஜயலக்ஷ்மி மாமியின் புருஷர். முப்பிடாதியைத் தாண்டித்தான் தினமும் அவர் ஆபீஸுக்குக் கிளம்புவார்.

நடையாளர் கரிவழியின் ஓரத்தில் வந்து நின்றார். வரைபடத்தைப் பார்த்தார். காலைத் தூக்கினார். மறுபடி வைத்துவிட்டார்.

சந்திரமௌலி மன்சூர் அலியைக் கூப்பிட்டார். "ஓய், ஒரு படகு கிடைக்குமா?"

"படகா? எதுக்கு சாமி?"

"மேப்பில இந்த இடம் ஜலம்னு போட்டிருக்கு. ஜலத்துல நடக்க ரூல் இடம் கொடுக்கலை."

"இது தரை சாமி. நீங்க நிக்கிறதே தரைலதான்."

"நான் நிக்கறது சொந்த ஹோதாவில. ஆபீஸ் ஹோதாவில நான் இப்போ ஜலத்துல இருக்கேன்."

கோலிவாடாவிலிருந்து செம்படவர் படகு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நடையாளர் ஏறி நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டுப் பேர் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரிவழியில் நடந்தார்கள். பஞ்சாயத்து உத்தரவுப்படி எட்டுப் பேரும் நொண்டினார்கள். படகு நடுக்கடலில் ஆடுவது போல ஆடியது. நடையாளருக்கு வாந்தி வந்தது. இதற்காகக் கோவிலடியில் ஒரு தடவை நங்கூரம் போட வேண்டியிருந்தது. பாலத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிஷம். இடுப்புக் கருவியைப் பார்த்தார்கள். மொத்த அடி பூஜ்யம்.

"நீர்வழிப் போக்குவரத்து உண்டு. நடை வசதி அறவே இல்லை. மூன்றாம் வகுப்பு நடைக்கும் கீழ்" என்று சந்திரமௌலி எழுதிக்கொண்டார்.

அன்று ஐம்பத்து மூன்று வீட்டிலும் பாயசம். வீடு தப்பியது என்று எல்லாரும் நம்பினார்கள். உண்மையிலேயே தப்பித்தான் இருந்தது. இனிமேல் நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மானஸ்தர்கள் செய்கிற தப்பைச் சொல்வது அயோக்கியர்கள் செய்வதைச் சொல்வது போலச் சுலபமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு ஹாலில் கமிட்டியின் கடைசிக் கூட்டம். பொதுஜனங்களும் வரலாம் என்றார்கள். மன்சூர் அலியோடு நயினாரும் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தார்.

சேர்மனை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தார்கள். அவருக்குக் காலில் வாதம். அவர் இங்கிலீஷில் பேசப் பேச, சந்திரமௌலி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நான் பத்தொன்பது வருஷமாக நடந்ததில்லை. ஆகவே நடையைப் பற்றி எனக்கு எந்தப் பாரபட்சமும் கிடையாது."

கைதட்டல்.

"நடப்பது ஏழைகளின் செல்வம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது மிகவும் தவறான எண்ணம். நல்ல நடை என்பது அரிய பொருள். அரிய பொருளை ஏழைகளிடம் விட்டுவைத்தால் தினமும் உபயோகித்துத் தேய்த்துவிடுவார்கள்."

மறுபடி கைதட்டல். பிறகு தாராவிக்கு வந்தார்.

"அங்கே கண்ட காட்சி என் மனதை உருக்கிவிட்டது. காரிலிருந்தே பார்த்தேன். வயது வித்தியாசமில்லாமல் எல்லாரும் நொண்டுகிறார்கள். ஒரு குருட்டுப் பெண் கூட இருக்கிறாளாம். அவளை எவனோ ஒருவன் அந்தச் சேற்றின் நடுவே வீட்டுக்குள் போட்டு அடைத்து வைத்திருக்கிறானாம். எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவனோ! இப்படிப்பட்ட ஜனங்கள் இருக்கிற இடத்துக்கு மதிப்பு ஏது?"

சந்திரமௌலி ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னார். அந்தப் பெண் தினமும் தம் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் அது சொந்த ஹோதா.

நயினார் எழுந்துவிட்டார்.

மன்சூர் அலி சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணாச்சி, ஒக்காருங்க. திட்டுனா திட்டிட்டுப் போறான். வீடு நிக்கும்."

"வீடு நின்னு என்ன வே செய்ய, குடும்பத்தப் பேசிட்டானே."

"அவன் பேசுதது காத்துல போயிரும் அண்ணாச்சி. ஒக்காருங்க. ஒங்க காலப் பிடிக்கேன்."

நயினார் உட்காரவில்லை. ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அந்தக் குருட்டுப் பொம்பள என் வீட்டுக்காரி. அவள ஒருத்தரும் அடச்சு வைக்கல. அவ ஒத்தையில நடந்து பதினாறு நிமிசத்துல ஸ்டேஷன் பாலத்துக்கு வருவா. ஒங்க ஏழு பேர்ல எவராவது அப்படி நடந்து காட்டுங்க பாப்போம்."

சந்திரமௌலி இதையும் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். சேர்மன் முகம் மலர்ந்தது. மேஜையின் மேல் கையெழுத்துக்காக விரித்திருந்த தாராவிக் காகிதத்தை அவர் மெல்ல மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சை. முப்பிடாதி தலை வாரிக்கொண்டே கேட்டாள். "நான் எதுக்குங்க அவனுவ முன்னால நடக்கணும்?"

"ஒன்ன அடச்சு வச்சிருக்கேன்னு சொல்லுதான்."

அவள் சிரித்தாள். "அடச்சு வச்சா இருக்கப்பட்ட ஆளா நானு? அது ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணும்."

அவள் கொண்டையை முடிந்துகொண்டாள். கொசுவத்தைச் சரியாக வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆறுமுகத்தாய் ஓடிவந்து தலையில் பூ வைக்கிற சாக்கில் காதோரம் குனிந்தாள். "மதினி, ஒரே ஒரு தடவ விழுந்துருங்க. புள்ளைகளுக்காவ. ஒரு தடவ விழுங்க, போதும்."

நயினாருக்கும் அது கேட்டது. கேட்காதது போல நின்றார்.

அவள் நடந்தாள். பின்னால் கருவியோடு நடையாளர், அவருக்குப் பின்னால் குடை, கூஜா, சந்திரமௌலி, கமிட்டி அங்கத்தினர்கள், நயினார். இந்தத் தடவை வரைபடத்தில் ஜலம் என்ற இடத்தில் 'தாற்காலிகமாகத் தரை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஐம்பத்து மூன்று குடும்பமும் வாயைத் திறக்காமல் நின்றது. கரிக்கட்டியின் நறநறப்பு மட்டும் கேட்டது.

கோவிலைத் தாண்டியதும் அவள் நடை தளர்ந்தது. வலது கால் மெல்ல வழியின் ஓரத்துக்குப் போயிற்று. இன்னும் அரை அடி வைத்தால் சேறு. சத்தம் நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் நயினார் ஒரு தடவை கனைத்தார். வேண்டுமென்று அல்ல.

முப்பிடாதி காலை எடுத்து வழியில் வைத்தாள். நிமிர்ந்தாள். அப்புறம் பாலம் வரைக்கும் நிற்கவில்லை.

பதினாறு நிமிஷம்.

பாலத்தடியில் காரில் உட்கார்ந்திருந்த சேர்மன் கடிகாரத்தை மூடிவிட்டு ஒரு மாலையை அவளுக்குப் போடச் சொன்னார். கண் கலங்கிப் பேசினார். "ஒரு குருடி துணையில்லாமல் வந்து சேருகிற இடம்! இப்படிப்பட்ட உயர்ந்த இடத்தை இத்தனை நாள் இந்த ஏழைகள் தலையில் சுமத்தி வைத்திருந்தோமே என்று வெட்கப்படுகிறேன். இந்தச் சுமையைக் கமிட்டி இறக்கி வைக்கும்."

நயினாருக்குப் பெருமை தாங்கவில்லை. சந்திரமௌலி சொன்னது காதில் சரியாக ஏற அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. நயினார் வீடு உள்பட அந்தப் பகுதி முழுக்க முதல் வகுப்பு நடை. முதல் வகுப்பு நடையுள்ள இடத்தில் குடியிருப்போர் அதற்குத் தக்க பாதரட்சை அணிந்தவராக இருக்க வேண்டும். ஒரு இன்ஸ்பெக்டர் வந்து வீட்டுக்கு வீடு காலைப் பார்த்தார். அந்த வீடுகளில் முக்கால்வாசிப் பேர் வருஷம் முழுக்க ஊருக்குத் தோல் பதனிட்டுக் கொடுக்கிறவர்கள். ஐம்பத்து மூன்று வீட்டிலும் ஒரு ஜோடி பூட்ஸ் இல்லை. ஆகவே எல்லாரும் தகுதியற்றவர்கள். செம்பூருக்கு அப்பால் புல்காட்டில் வரிசை வீடு கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தைப் பற்றிய கமிட்டிக் குறிப்பு இது: 'நடந்து சேரத்தக்க பொருள் ஏதும் அருகில் இல்லை. ஆகையால் மதிப்பு மிகவும் மலிவு. குடியிருப்போர் பாக்கியசாலிகள்.'

பக்கத்தில் கரிவழி முதல் வகுப்பு நடை ஆனதால் சந்திரமௌலியின் வீட்டுக்கும் மதிப்பு ஏறியது. ஆனால் அரிசியில் கல் பொறுக்க ஆளில்லை. "முப்பிடாதி எப்போ வருவாள்னு கேட்டுண்டு வாங்கோ" என்று மாமி தினமும் அவரைப் பிடுங்கினாள். ஒரு நாள் ரசம் சாதத்தில் கல் கடிபட்டு அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் போயிற்று. சொந்த ஹோதாவில் போன பல் என்று ஆபீஸில் லீவு கொடுக்கவில்லை.

செம்பூரில் நயினாரை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். எதிரே வந்தால் வழி விட்டு ஒதுங்கினார்கள், பெரிய மனுஷருக்கு ஒதுங்குவது போல. ஆறுமுகத்தாய் தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, "மதினி, இந்தாங்க" என்று உள்ளே வைத்துவிட்டு, நயினார் பக்கம் திரும்பாமல் போவாள். குழாய் மூன்று பர்லாங்குக்கு அப்பால் இருந்தது. நடுவில் இடுப்பளவு புல்லும் பள்ளமும். முப்பிடாதி வாசல்படியைத் தாண்டவில்லை. ஒரு நாள் முழுக்க அவள் செய்தது, இருந்த இடத்தில் இருந்ததுதான்.

ஒரு நாள் சோறு போடும்போது நயினார் கேட்டார். "அன்னைக்குக் கோவில்கிட்ட... விழத்தான் நினைச்சியா?"

"ஆமா."

"பொறவு?"

"நீங்க பின்னால நிக்கது தெரிஞ்சுது." அவள் தடவிப் பார்த்துக் குழம்பை ஊற்றினாள். "சாப்பிடுங்க, ஆறிரும்."

வேலையிலிருந்து திரும்புகிற ரயிலில் கரிக்கட்டிக் கூடையை ஏற்ற விடவில்லை. நயினார் வேறொன்று செய்தார். லீவு நாளெல்லாம் வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் ஒரே கோட்டில் போவதும் வருவதுமாக மிதித்தார். ஐம்பத்தோராம் வயதில், வெயிலில், ஒர்க்‌ஷாப்பில் இரவல் வாங்கிய ஆணியடித்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு. ஆறு வாரத்தில் புல் செத்து, மண் இறுகி, ஒரு கோடு விழுந்தது. காலால் தடவினால் தெரிகிற கோடு.

ஏழாவது வாரம் குதிரை வண்டியில் நடையாளரும் சந்திரமௌலியும் வந்து இறங்கினார்கள். சந்திரமௌலியின் கன்னம் வீங்கியிருந்தது.

"ஓய் நயினார், இது என்ன?"

"வழி."

"மேப்பில இல்லையே?"

"இப்பத்தான் உண்டாக்குதேன் சாமி."

சந்திரமௌலி நடையாளரைப் பார்த்தார். நடையாளர் கோட்டைப் பார்த்தார். அதில் ஒரு காலை வைத்து அழுத்தி, மெச்சிக்கொள்வது போலத் தலையசைத்தார்.

"நீர் விவரம் தெரிஞ்ச மனுஷன்," என்றார் சந்திரமௌலி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "வழி உண்டானா மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினா வகுப்பு மாறும். அப்புறம் உங்களை எல்லாம் எங்கே ஓய் கொண்டுபோறது? இதுக்கு அப்பால சமுத்திரம்னா இருக்கு? ஒரே கோட்டில நடக்கமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடும். உமக்காகத்தான் சொல்றேன். ஆத்துல உம்ம சம்சாரத்தை ரொம்ப விசாரிச்சா."

நயினார் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்லுகிறேன் என்றார். ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டு வண்டி போயிற்று.

அவர் திரும்பியபோது முப்பிடாதி படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"போட்டுக் குடுத்துருங்க," என்றாள்.

"ஏளா, நீ எப்படி நடப்ப?"

"வழி விழுந்தா மறுபடியும் வந்து எடுத்துக்கிடுவானுவ. ஆறுமுகத்தா புள்ளைகள இன்னொரு தடவ வண்டில ஏத்தணுமா?" அவள் வெறும் வெளியில் கையை நீட்டினாள். "கையக் குடுங்க. இன்னைக்கு இந்தப் பக்கமாப் போவோம். நாளைக்கு அந்தப் பக்கமா. ஒருநா மிதிச்ச எடத்துல மறுநா மிதிக்காண்டாம்."

வரிசை வீடு ஐம்பத்து மூன்றிலும் ஆட்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நயினார் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார். பதினேழு வருஷத் தாம்பத்தியத்தில் நாலு பேர் பார்க்க அவர் அந்தக் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பள்ளம் வந்தால் "பள்ளம்" என்றார். கல் வந்தால் "கல்" என்றார். பாதி தூரத்துக்கு அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார். கையை அழுத்தினார். அவள் புரிந்துகொண்டு காலைத் தூக்கி வைத்தாள்.

மறுநாள் வேறு பக்கமாகப் போனார்கள். அதற்கு மறுநாள் அதற்கும் விலகி. நயினார் முந்தின நாள் கால்பட்ட இடத்தைப் பார்த்துக் கவனமாகத் தள்ளி அழைத்துப் போனார். மிதிபட்ட புல் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துகொண்டது. அவர்கள் இருவரும் அங்கே நடந்தார்கள் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.